பதினாலாம் நம்பர் கண்ணாடி

என் மெகருக்கு,

நீ இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டாம். பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகச் சொல்லியிருப்பேன். நீ மாற்றலாகிப் போய் நாலு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத காரியம் ஒன்று இப்போது நடந்திருக்கிறது. பயமாக இருக்கிறது மெகர்.

முதலில் பள்ளிக்கூடத்துச் செய்தி. உன் வரலாறு வகுப்பும் என் தலையில்தான் விழுந்தது. காலையில் அறிவியல், மத்தியானம் வரலாறு. உன் பீரோவில் நீ அடுக்கி வைத்த பழைய நகரங்களின் படங்களும் நாணயப் படங்களும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள் உன்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமைதோறும் நாம் இரண்டு பேரும் கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவோமே, அதை நான் விடவில்லை. எந்தெந்த நாட்டு மியூசியமோ கல்லூரியோ நம்மைப் போன்ற டீச்சர்மாருக்கென்று பாடமும் படமும் சோதனையும் இலவசமாகப் போட்டு வைத்திருப்பதை முதன்முதலாகப் பார்த்த அன்று, "ஏட்டி மைனி, இம்புட்டும் ஓசியா?" என்று நீ சத்தமாகக் கேட்டாய். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு மானம் போனது.

உனக்கு இங்கிலீஷ் வரும், எனக்குத் தட்டுத் தடுமாறும். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது என்பதால் அச்செடுத்து வந்து, தமிழாக்கி, சார்ட்டில் எழுதி ஒட்டுவோம். அந்த பிரிண்டரில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் வலது ஓரம் வெட்டுப்பட்டுத்தான் வரும். நீ தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் ஸ்கேலை வைத்து, விட்டுப்போன வார்த்தைகளைப் பென்சிலால் எழுதி முடிப்பாய். நான் பஸ்ஸைச் சொல்லி நச்சரிப்பேன். "போனா அடுத்த வண்டில போவோம், சும்மா இரிட்டி" என்பாய்.

நீ இல்லாமல் நான் அந்த வேலையைச் செய்யவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த ஆடியில் ஒருநாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. நம் ஊரில் கிரகணம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பது உனக்குத் தெரியாததில்லை. இந்தத் தடவை பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தே தீருவது என்று எனக்கு ஒரு வீம்பு. நீயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். கிரகணத்தைப் பத்திரமாகப் பார்ப்பது எப்படி என்று ஓர் இலவசப் பக்கம் கிடைத்தது. அச்செடுத்தேன். வெல்டிங் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. ஓரத்தில் சில வார்த்தைகள் இல்லை. அர்த்தம்தான் புரிகிறதே என்று விட்டுவிட்டேன். அப்படியே சார்ட்டில் எழுதினேன், மெகர். என் கையால்.

வீடு வீடாகவும் போனேன். ஏழாம் வகுப்பு பேச்சியம்மாளைத் தெரியும்தானே, ஆட்டுக் கிடை போடுகிறவர் மகள், எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குமே அந்தப் பிள்ளை. அவள் அப்பா தயங்கினார். "கிரகணத்தன்னைக்கு நாங்க ஆட்டையே வெளிய பத்த மாட்டோம் டீச்சர்" என்றார். நான் அரை மணி நேரம் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அவள் மாமன் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறான். கேஸ் வெல்டிங்குக்குப் போடும் பச்சைக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துவிட்டிருக்கிறான். மற்ற பிள்ளைகள் அட்டையில் ஓட்டை போட்டுத் தரையில் விழுந்த சூரிய பிம்பத்தைப் பார்த்தார்கள். கண்ணாடி இவளிடம் மட்டும்தான். "இன்னும் கொஞ்சம் கடிபட்டிருக்கு, இப்ப வெலகுது" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன். "நடுவுல மட்டும் கருப்பா ஒண்ணு நிக்குது டீச்சர். எங்கன பாத்தாலும் கூடவே வருது."

நானும் அவள் அப்பாவும் அவளை மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணுக்குள் சுட்டிருக்கிறது, தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், சில மாதம் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சூரியனுக்கு ஆகாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

கோவில்பட்டியில் இறங்கியதும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வரி முழுசாக இருந்தது. பதினாலாம் நம்பர் கண்ணாடி மட்டும்தான், அதற்குக் குறைந்த எதுவும் கூடாது என்று தடித்த எழுத்தில். நம்பர் ஏற ஏறத்தான் கண்ணாடியில் கருமை ஏறுமாம்; பேச்சியிடம் இருந்த கேஸ் வெல்டிங் கண்ணாடி அதில் பாதிகூட இல்லை. என் தாளில் அந்த இடத்தில் வெட்டுப்பட்ட ஓரம்தான் இருக்கிறது.

ஹெட்மாஸ்டரிடம் காட்டினேன். அவர் நல்ல மனுசர், எனக்காகத்தான் பயந்தார். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்ருங்க டீச்சர். யாராவது கேட்டா, ஓசியா வாரதுல தப்பு இருக்கத்தானே செய்யும், அதுல அப்படித்தான் போட்டிருந்துச்சுன்னு சொல்லிருவோம்" என்றார். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போது என்மேலேயே பயமாக இருக்கிறது.

பேச்சியின் அப்பா என்னைத் திட்டவில்லை. "டீச்சர் என்ன செய்வாவ, கிரகணத்தைப் பாத்தா இப்படித்தான் ஆகும்" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒரு குறையும் வராது. அடுத்த கிரகணத்துக்கு ஒரு கதவும் திறக்காது, அவ்வளவுதான்.

இன்று காலை மறுபடியும் மதுரைக்குப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பினோம். அவள் அப்பா டீ வாங்கப் போயிருந்தார். நானும் பேச்சியும் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றோம். என் குரலை வைத்தோ என்னவோ, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "டீச்சர், பயப்படாதீங்க. இப்ப நல்லாத் தெரியுது. அந்தா வருது பாருங்க, எட்டயபுரம் வண்டி. போர்டைப் படிச்சிட்டேன்லா?"

அந்த இடத்தில் எப்போதும் எட்டயபுரம் வண்டிதான் வந்து நிற்கும். இன்று வந்து நின்றதில் விளாத்திகுளம் என்று எழுதியிருந்தது.

"ஆமா தாயி" என்றேன். அவள் சிரித்தாள். என் முகம் இருக்கும் இடத்துக்குச் சற்று ஓரமாகப் பார்த்துச் சிரித்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, மெகர். எனக்காகப் பொய் சொல்கிறது. இப்படியே அடுத்த தடவை டாக்டரிடமும் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? யார் அவளைச் சரியாகப் பார்ப்பார்கள்?

நாளைக் காலை கிடையை அவிழ்த்து ஆடுகளை மேய்ச்சலுக்குப் பத்தும் முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். தாளையும் கொண்டுபோகிறேன். கிரகணத்தின் மேல் தப்பில்லை, ஓசியாகப் போட்டவர்கள் மேலும் தப்பில்லை, பாதி வரியைப் படித்தது நான்தான் என்று அவள் அப்பாவிடம், பேச்சி கேட்கும்படியாகச் சொல்லப் போகிறேன். அதற்கப்புறம் அவள் எனக்காக எதையும் தெரிகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை. ஆனாலும் போவேன் மெகர், உன்மேல் ஆணையாகப் போவேன்.

உன் மைனி,
முத்துலட்சுமி