பெரியவளாகத் தெரிந்த என் அக்காவுக்கு

தினமும் எனக்கு ரெட்டைச்சடை பின்னிவிட்டு, தன் சடையைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டே பின்னிக்கொள்ளும் என் செல்வி அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கலாமா, தெரியவில்லை. உயிரோடு இருப்பவர்களிடமே நான் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன், உனக்குத் தெரியும். ஆனால் இந்த வாரம் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் ஆரம்பித்தாலும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

முதலில் நல்ல செய்தி. விழுப்புரத்தில் படித்து டிகிரி வாங்கிவிட்டேன். நம் வீட்டில் முதல் ஆள். அதன் பிறகு பரீட்சை எழுதி வி.ஏ.ஓ.வும் ஆகிவிட்டேன் அக்கா. திண்டிவனத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் வேலை, சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் கூலிக்குக் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கப் போகிறாள். போகாதே என்றால், "உன் ஆபீசுல வந்து உக்காந்துக்கினு நான் இன்னா பண்றது?" என்கிறாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு பெரியவர் பட்டா விஷயமாக வந்தார். நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, ஆபீசரு எப்ப வருவாரு?"

"நான்தாங்க."

"வெளையாடாத பாப்பா. பஸ்ஸு போயிடும்."

எங்கள் அலுவலகத் தலையாரி ஏழுமலை அண்ணன்தான் உள்ளே வந்து காப்பாற்றினார். "அவங்கதான்யா மேடம். ஆளு சிறுசு, கையெழுத்து பெருசு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்குத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தபோது அழுகை வந்தது. இருபத்து மூன்று வயது எனக்கு. பஸ்ஸில் கண்டக்டர், "ஸ்கூல் பாஸ் எங்கம்மா?" என்று கேட்கிறார்.

மறுநாளிலிருந்து வயதைக் கூட்ட ஆரம்பித்தேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதுவும் பழுப்பு, சாம்பல், கரும்பச்சை மாதிரி நிறங்களில் மட்டும். தோளில் மடிப்பு குலையாதபடி மூன்று ஊக்கு. முடியை இழுத்துக் கொண்டை. புருவத்தைப் பென்சிலால் தடிப்பாக்கி, கண்ணுக்குக் கீழேயும் மை. உதட்டுக்கு மெரூன். பவர் இல்லாத கண்ணாடி ஒன்று. காலையில் முக்கால் மணி நேரம் ஆகும். கடைசியாகப் பெரிய ஸ்டிக்கர் பொட்டை வைத்ததும் கண்ணாடியில் நிற்பவளுக்கு முப்பது சொல்லலாம். அவளைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயம்தான். ஆனால் அவளை யாரும் பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்பாய். உனக்குச் செய்ததைப் பார்த்துத்தான் அக்கா.

அந்த நாள் உனக்கு நினைவிருக்குமா? உனக்குப் பதினாறு, எனக்கு ஒன்பது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது யாரோ மொட்டைக் கடிதாசி எழுதிப் போட்டுவிட்டார்கள், விசாரிக்க ஆள் வருகிறது என்று சேதி வந்தது. அத்தை உன்னை உள்ளே இழுத்துப் போனாள். இடுப்பு பருமனாகத் தெரிய இரண்டு பாவாடை கட்டி, அதன் மேல் அவளுடைய பட்டுப் புடவை. கொண்டை, மை, சிவப்புச் சாயம். நான்தான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "டீச்சர் மாரி கீற அக்கா" என்றேன். நீ சிரித்தாய்.

வந்த அதிகாரி உன்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்று நினைத்தாரோ என்னவோ, என்னிடம் குனிந்து கேட்டார். "பாப்பா, அக்காவுக்கு என்ன வயசு?"

அத்தை சொல்லிக்கொடுத்திருந்தாள். "பத்தொம்போது" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்போது நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். இத்தனை வருடமாக அதை வைத்துக்கொண்டு யோசிக்கிறேன். நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தாயா? சொல்ல மாட்டேனா என்று காத்திருந்தாயா? மறு வருடமே பிரசவத்தில் நீ போய்விட்டாய். யாரைக் கேட்பேன்?

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசிலிருந்து போன் வந்தது. என் கிராமத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடக்கிறதாம், புகார் வந்திருக்கிறதாம். சமூக நல அலுவலர் விழுப்புரத்திலிருந்து கிளம்பிவிட்டார், அவர் வரும்வரை நீங்கள் போய் விசாரியுங்கள் என்றார்கள். ஏழுமலை அண்ணன் தன் வண்டியில் அழைத்துப் போனார்.

வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பேசியதெல்லாம் அவளுடைய பெரியம்மாதான்.

"பொண்ணுக்குப் பத்தொம்போது முடிஞ்சிடுச்சு மேடம். டிசி எங்கியோ வெச்சிட்டோம். ஆதாரு பேரு திருத்தக் குடுத்துக்கீது. ஆள வேணா பாத்துக்கோங்க. ஷாலினி, ஜல்தி வாம்மா."

ஷாலினி வந்தாள். பழுப்புப் புடவை. தோளில் மூன்று ஊக்கு. தடித்த புருவம், கண்ணுக்குக் கீழே மை, மெரூன் உதடு. காலையில் என் அறையில் நான் எந்த வரிசையில் பூசினேனோ அதே வரிசையில் அவளுக்கும் பூசியிருந்தார்கள். ஒரே வித்தியாசம், கொண்டை போடாமல் முடியைத் தளர்வாக ஒற்றைச் சடையாகப் பின்னி, நிறையப் பூ வைத்திருந்தார்கள்.

விசாரிக்க வாயைத் திறந்தேன். பந்தலுக்குள் காற்றே இல்லை, வேர்வை கண்ணில் இறங்கியது.

பெரியம்மா சிரித்துவிட்டாள். "இன்னா மேடம், கண்ணு மையெல்லாம் வழியுது. போயி மூஞ்சி கழுவிக்கினு வாங்க. ஷாலினி, தண்ணி ஊத்து போ."

பின்பக்கம் சிமெண்டுத் தொட்டி. ஷாலினி சொம்பில் மொண்டு ஊற்றினாள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து கழுவினேன். பொட்டு, மை, உதட்டுச் சாயம் எல்லாம் போய்விட்டது. நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், நீங்க காலேஜ் படிக்கிறீங்களா?"

"முடிச்சிட்டேன். நீ?"

"டென்த்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொம்பு தொட்டிக்குள் விழுந்தது. "பெரிம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். நான் சொன்னேன்னு தெரிஞ்சா கொன்னுடும்."

இங்கே உண்மையாக எழுத வேண்டும் என்றால், அந்த நிமிடம் எனக்கு ஓடிப்போகத்தான் தோன்றியது. பத்தொன்பது போலத்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, அலுவலர் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று வண்டியில் ஏறிவிடலாம். யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்? பூசியவர்களுக்கும் அதுதான் வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அதுதான் வேண்டும். அன்றைக்கு உன்னை விசாரிக்க வந்த அதிகாரி கெட்டவர் என்றே நினைத்திருந்தேன். ஒருவேளை அவரும் என்னைப் போலப் பயந்தவர்தானோ?

ஷாலினி சொம்பை எடுக்கக் குனிந்தாள். பூச்சரம் ஒதுங்கியது. அவள் பின்னலில், காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் முடி ஒரே உயரத்தில் வளைந்து கிடந்தது. ரெட்டைச்சடையை மடித்து ரிப்பன் கட்டினால் விழும் வளைவு. தண்ணீர் தொட்டு வாரினாலும் ஒரு நாளில் போகாது. நீ எனக்கு ஐந்து வருடம் மடித்துக் கட்டியது, எனக்குத் தெரியாதா?

நனைந்த முகத்தோடு பந்தலுக்கு வந்தேன்.

"இந்தப் பொண்ணு இந்த வாரம் ஸ்கூலுக்குப் போயிருக்குங்க" என்றேன். "முடியில ரிப்பன் கட்டுன வளைவு இருக்கு. காலேஜ் போறவங்களும் வீட்ல இருக்கறவங்களும் அப்படிக் கட்ட மாட்டாங்க. ஸ்கூல்ல கேட்டு எழுதப் போறேன்."

பெரியம்மா என் கழுவிய முகத்தைப் பார்த்தாள். "நீயே தாவணி போடுற வயசுல கீற. நீ எங்களுக்கு வயசு சொல்ல வந்துட்டியா?"

மேடம் போய் நீ ஆகிவிட்டது. ஏழுமலை அண்ணன் மட்டும், "அவங்க சின்னவங்கதாம்மா. அதான் அவங்களுக்கு ரிப்பன் ஞாபகம் இருக்குது" என்றார். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாப்பாட்டுப் பாத்திரங்களை யாரும் திறக்கவில்லை.

சமூக நல அலுவலர் வந்து, பள்ளிக்கூடத்தில் கேட்டு, பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டேன் என்று அப்பாவிடம் எழுதி வாங்கினார். ஷாலினி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவள் பார்வையையும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உனக்குச் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை, அந்தப் பந்தலில் பார்த்த நாலு பேர் ஆபீசுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. ஒருவர் என் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். "மேடமுக்கு எந்த ஊரு?"

"மண்டகப்பட்டு பக்கம்."

"ஊர்லயா, காலனியிலயா?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. "தனியா பஸ்ஸுல வந்து போறீங்க. வேலைய மட்டும் பாத்துக்கினு இருந்தா உங்களுக்கு நல்லது" என்றார். போகும்போது கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்கள். அந்த மெதுவான சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. வியாழனும் வெள்ளியும் ஷாலினி பள்ளிக்கு வரவில்லை. வேறு ஊரில், ஏதாவது ஒரு கோயிலில் வைத்து முடித்துவிடுவார்கள் என்கிறார் ஏழுமலை அண்ணன். அப்படி நடக்கிறதுண்டாம். நான் தடுத்தேனா அக்கா, அல்லது அவளை இன்னும் அவசரமாக அனுப்பிவைத்தேனா?

அம்மாவிடம் போனில் பாதி சொன்னேன். "ஊரு பேஜாரு நமக்கு எதுக்குடி? மாத்தல் வாங்கிக்கினு வந்துடு" என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு இப்ப எங்க கீது?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று ஞாயிறு மதியம். நாளைக்குக் கட்டப் புடவையை எடுத்து வைத்திருக்கிறேன். மைப்பென்சிலை எடுத்தேன், வைத்தேன். முப்பது வயதுக்காரியாகப் போனால் பயம் குறையும் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். புதன்கிழமை ஷாலினி வாய் திறந்தது அந்த முப்பது வயதுக்காரியிடம் இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக் காலை மணி அடிப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். ஷாலினி வராவிட்டால் அவள் வீட்டுக்குப் போவேன். வீடு பூட்டியிருந்தால், எங்கே அனுப்பினீர்கள் என்று அந்தத் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்பேன். நடுங்கிக்கொண்டேதான் கேட்பேன். ஆனால் கேட்காமல் திரும்பி வர மாட்டேன்.

உன்னைவிட ஆறு வயது மூத்துவிட்ட,
உன் தங்கை
கவிதா