தோணியின் மூக்கு

குற்றாலம் போகிற ரோட்டில் ஒருவர் ஓட்டை விழுந்த பைபர் தண்ணீர்த் தொட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். அவர் பூசிய ரெசின் பசையின் வாடை வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. சாரல் தூறுகிறதே, ரெசின் இறுகாதே என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாடை துப்பட்டாவில் இருக்கிறது, வாப்பா. அதனால் எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்ல ஒரு செய்தியும் இருக்கிறது.

நீங்கள் மாலத்தீவில் படகு எஞ்சின் வேலையை விட்டு ஒரேயடியாக வந்தபோது நானும் வீட்டில்தான் இருந்தேன். வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குக் குரல் வராது. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்று தையல் மிஷினுக்கு வந்துவிட்டேன். உங்களுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது, கனம் தூக்கக் கூடாது. பகல் முழுவதும் ஒரே அறையில் இரண்டு பேர். பேச்சுக்கு வழி தெரியாமல் நீங்கள் போனில் படம் காட்டத் தொடங்கினீர்கள். எல்லாம் தோணிகள். அத்தனை தோணிகளுக்கும் முன்னால் தென்னங்குருத்து வளைந்து நிற்பதுபோல ஓர் உயரமான மூக்கு.

“இந்த மூக்கு எதுக்கு வாப்பா?”

“அழகுக்குத்தான்.”

“வெறும் அழகுக்கா இவ்வளவு மரத்த வீணாக்குதாங்க?”

நீங்கள் சிரித்தீர்கள். மறுநாள் நான் துணிக்கு அளவு வெட்டுகிற பிரவுன் பேப்பரை எடுத்து அந்த மூக்கை வரைந்தீர்கள். அப்படித்தான் அது தொடங்கியது.

அந்தத் தீவுக்காரர்கள் முன்காலத்தில் பலகைக்கு ஆணி அடிக்காமல், துளை போட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துத்தான் தோணி கட்டினார்களாம். இப்போது வீட்டில் சின்னப் படகு கட்டுகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், கயிற்றுக்குப் பதில் செம்புக் கம்பி, மேலே ரெசின் பூச்சு, அவ்வளவுதான் வித்தியாசம் என்றீர்கள். தையல் என்று கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். தட்டையான துணி உடம்பின் வளைவுக்கு எப்படி வருகிறதோ, அப்படித்தான் தட்டையான பிளைவுட்டும் படகாகிறது என்பது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. முதல் காகிதப் படகை நான்தான் வெட்டினேன். பழக்கத்தில் ஓரமெல்லாம் தையலுக்கு அரை விரல் விட்டு வெட்டிவிட்டேன். ஒட்டிப் பார்த்தால் கர்ப்பிணி வாத்துபோல இருந்தது. நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

“ஏட்டி, பின்பக்கம் இப்படியே இருக்கட்டும். பாய் கட்டுத தோணிக்குப் பின்னாலயும் ஒடுக்கமா இருக்கலாம். எஞ்சின் மாட்டுனா பொறம் அமுங்கி, முன்பக்கம் வானத்தப் பாக்கும். எஞ்சினு உக்கார அகலம் வேணும்லா.”

அப்படி முன்பக்கம் தீவின் தோணியாகவும், பின்பக்கம் உங்கள் எஞ்சினுக்கு ஏற்ற விசைப்படகாகவும் நம் படகு உருவானது. பிளைவுட் செங்கோட்டையில் வாங்கியது. எஞ்சின் கொல்லத்திலிருந்து உங்கள் தம்பி, சாச்சா, கொண்டுவந்தது, பழையது. உம்மா வாசலில் நின்று சொன்னது நினைவிருக்கிறதா?

“ஊருல வெளிநாட்டுல இருந்து வந்தவன்லாம் காரு வாங்குதான். நீங்க வாப்பாவும் மவளும் ஐந்தருவியில கப்பல் விடப் போறியளா?”

“உன்னையத்தான் மொதல்ல ஏத்துவோம்” என்றீர்கள்.

“எனக்கு நீச்ச தெரியாது. நான் கரையில நின்னு அழுதுக்கிடுதேன்.”

போன ஆனியில் ஊருக்கு மேற்கே உள்ள குளத்துக்குப் படகைக் கொண்டுபோனோம். அங்கே மீன் குத்தகை எடுத்திருக்கிற அண்ணாச்சி, “பாய், சத்தத்துல எம் மீனெல்லாம் கேரளாவுக்கு ஓடிராதே?” என்று கேட்டுக்கொண்டே சாச்சாவுடன் சேர்ந்து படகைத் தண்ணீரில் தள்ளினார். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. பின்பக்கம் அமுங்கவில்லை. நான் கரையில் நின்று கை தட்டினேன்.

கரை மறைவைத் தாண்டியதும் மேற்கு மலை இடுக்கு வழியாக வீசுகிற கணவாய்க் காற்று வந்தது. யாரோ மூக்கைப் பிடித்துத் திருப்புவதுபோல படகு திரும்பியது. நீங்கள் நேராக்கினீர்கள், அது மறுபடி திரும்பியது. கடைசியில் தாமரைக் கொடிக்குள் போய்ச் சொருகிக்கொண்டது.

“என்ன பாய், கப்பலு பூப் பறிக்கப் போவுதா?” என்று அண்ணாச்சி கத்தினார்.

நனைந்து கரையேறிய நீங்கள் என்னிடம்தான் சொன்னீர்கள். “இந்தக் காத்த மறந்தே போயிட்டேன் பாத்தியா பிள்ள.”

தீவில் கடல் கொந்தளிக்கிற மாதங்களில்தான் படகுகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றி எஞ்சினைப் பிரிப்பார்கள், அப்போது உங்களுக்கு விடுப்பு கிடையாது. ஒவ்வொரு தடவையும் மாசி, பங்குனி வெயிலில்தான் வந்து போனீர்கள். நான் பிறந்ததிலிருந்து அதுவரை நம் ஊர்ச் சாரலையும் அதோடு வருகிற காற்றையும் நீங்கள் பார்த்ததே இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வேறொரு கேள்வி ஓடியது.

“அங்கன உள்ள கடல் கொந்தளிக்கிறதும் இதே காத்துலதான வாப்பா? அப்ப அந்தத் தோணியெல்லாம் எப்படி நேராப் போவுது?”

“தெரியலியே” என்றீர்கள்.

மூக்கை அறுத்துவிடலாம் என்றார் சாச்சா. “அத அறுத்தா அது வெறும் டப்பாடா” என்று நீங்கள் கோபப்பட்டீர்கள். காற்று நிற்கட்டும், வேறு வழி யோசிப்போம் என்று படகைக் கொட்டகையில் வைத்தோம். ஐப்பசியில் ஒரு பகலில், சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

இந்த வைகாசியில் சாச்சா ரம்பத்தோடு வந்தார். குற்றாலத்தில் படகு வாங்க ஆள் இருக்கிறதாம், மூக்கு இல்லாமல் இருந்தால் எடுத்துக்கொள்வார்களாம். உம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் படகை விற்பதுகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தத் தீவுத் தோணிகள் எப்படி நேராகப் போகின்றன என்று தெரியாமலே அறுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. “ஒரு நாள் பொறுங்க சாச்சா” என்றேன்.

உங்கள் போனில் கடையத்து மாமாவின் எண் இருந்தது. உங்களோடு ஒரே படகில் வேலை பார்த்தவர், இன்னும் அங்கேயே இருப்பவர். நான் யாரையும் நானாகக் கூப்பிட்டுப் பேசியதில்லை. கேட்க வேண்டியதைப் பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு அழுத்தினேன். அவர் எடுத்ததும் எல்லாம் மறந்துபோய், “தோணி மூக்குல காத்துப் பிடிக்காதா மாமா?” என்று சலாம்கூடச் சொல்லாமல் கேட்டுவிட்டேன்.

“யாரு, பாயோட மவளா? பிடிக்கத்தான் செய்யும். காத்து மாசத்துல அத உருவிக் கீழ படுக்க வச்சிருவாங்கள்லா. அது சொருகுத மூக்குதான பிள்ள.”

“வாப்பாக்கு அது தெரியாதா?”

மறுபக்கம் சிரிப்பு கேட்டது. “நான் முன்னால கயிறு பிடிக்கிறவன். உங்க வாப்பா எப்பவும் பொறத்தால எஞ்சினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுக் கெடப்பாரு. வெளிநாட்டுக்காரன் போட்டோ எடுக்க வரும்போதுதான் நிமிருவாரு. அப்ப மூக்கு மாட்டித்தான் இருக்கும்.” பிறகு சிரிப்பு நின்றது. “நல்ல மனுசன்” என்றார்.

நானும் சாச்சாவும் மூக்கை அடியில் அறுத்தோம், வாப்பா. அறுத்து எறிவதற்காக அல்ல. ஒரு கூடு செய்து, சொருகவும் உருவவும் வரும்படி ஆக்கினோம். கூட்டுக்கு அட்டை வெட்டும்போது இந்தத் தடவை தையலுக்கு ஓரம் விடவில்லை.

நேற்றுக் குளத்துக்குப் போனோம். எல்லோரும் சாச்சாவைத்தான் ஏறச் சொன்னார்கள். நான் ஏறிக்கொண்டேன். மூக்கை உருவி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு எஞ்சினை இழுத்தேன்.

“ஏட்டி, மெல்லப் போ! தூரமாப் போவாத!” உம்மா கரையில் நின்று கத்தினார். சொன்னபடி அழவும் செய்தார்.

கணவாய்க் காற்று அதே இடத்தில் வந்தது. படகு லேசாகக் குலுங்கியது, திரும்பவில்லை. எதிர்க்கரை வரை நேராகப் போனது. அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு மடியிலிருந்த மூக்கைப் பார்த்தேன். நீங்கள் இழைத்த வளைவு முழங்கையில் உறுத்தியது. நீங்கள் இருந்தால், இத்தனை வருஷம் இது உருவுகிற மூக்கு என்று தெரியாமலே இருந்தீர்களே என்று எவ்வளவு கேலி செய்திருப்பேன் என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது.

படகை விற்க வேண்டாம் என்று உம்மா சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் எழுதினேன். ஆனால் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருக்கிறது. காற்றில் இடைஞ்சல், காற்று மாதங்களில் உருவி வைக்க வேண்டும், இவ்வளவு தொல்லை இருந்தும் அந்தத் தீவுக்காரர்கள் ஏன் அந்த மூக்கை விடவில்லை? அழகுக்கு என்று நீங்கள் சொன்னது சரிதானா? அல்லது முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும் தெரிந்த வேறு ஏதாவது இருக்கிறதா? நாளைக் காலை கடையத்து மாமாவைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறேன். முதலில் சலாம் சொல்லிவிட்டு.