அரையிறுதிக்கு வராத கோல்கீப்பர்

அன்புள்ள அப்பாவுக்கு, ஷைனி எழுதுவது. நான் நலம். முழங்கால் வலியோடு இன்னும் கடலுக்குப் போகிறீர்களா? அம்மா சுகமா?

போன வருடம் பதினொரு பேர்கூடச் சேராத, நான் பயிற்சி கொடுக்கும் எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி, இந்த முறை அரையிறுதிக்கு வந்தது. ஆனால் அன்று, கோல்கீப்பர் அன்புசெல்விக்கு அவள் படித்துக்கொண்டே வேலை செய்யும் பனியன் கம்பெனியில் லீவு தரவில்லை. முதலாளி எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருப்பவர். கம்பெனி இருக்கும் பெருமாநல்லூருக்கே போய் அவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க மேடம், ஷிப்மெண்ட் இன்னைக்குப் போயாகோணுங்க. பந்து அடுத்த வருசமும் உதைச்சுக்கலாமுங்க," என்றார்.

அவளுக்கு இது கடைசி வருடம். கோலில் நின்று பழகாத வர்ஷினியை நிறுத்தினேன். நான்கு கோல் வாங்கித் தோற்றோம்.

நேற்று விளையாட்டு விழாவில், பெண்கள் அணியை வளர்த்ததற்காக அதே முதலாளிக்குப் பாராட்டு. என்னையே பூங்கொத்து கொடுக்கச் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே கொடுத்தேன். அன்புசெல்வி முன்வரிசையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள். தனியாகச் சாப்பிட ருசியாக ஏதாவது வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. மைதானத்தில் ஆறு பேர்தான் வந்து நிற்கிறார்கள். போகிறேன் அப்பா.

உங்கள் ஷைனி