நடை வேகத்தில் ஒரு ஜீப்

20-2-1964, வியாழன்
ரேடியேட்டரின் மேல்தொட்டிக்குப் பித்தளைத் தகடு வெட்டியாயிற்று. வண்டி யுத்தகாலத்து ஜீப், என்ஜின் அம்பாசிடருடையது. பழைய ரேடியேட்டர் இதற்குப் போதாது. புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

தங்கை மெகருன்னிசாவுக்கு மார்ச் எட்டில் நிக்காஹ். மாப்பிள்ளை சிதம்பரம் நூருல் அமீன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போனவர். எங்கள் தெருவில் மாப்பிள்ளை குதிரையில் வருவதுதான் வழக்கம். அவரால் ஏற முடியாது. நடந்து வந்தால் கடைத்தெருவே அந்தக் காலைத்தான் பார்க்கும். அதனால்தான் இந்தத் திறந்த ஜீப், பின்னால் உயரமாக ஓர் இருக்கை. யோசனை என்னுடையது. அத்தாவுக்கு நிம்மதி. மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

24-2
பட்டறை வெல்டர் தங்கராசு பற்றவைத்த குழாய் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பட்டறையே அதிரக் கத்தினேன். "கண்ணாலம் ஒந்தங்கச்சிக்கா ஒனக்கா? இந்த ஆட்டம் ஆடுற" என்றான். மறுபடி பற்றவைத்தான். நின்றது.

29-2
நெல்லிக்குப்பம் வரை ஓட்டினோம். சூடு காட்டும் முள் நடுவை விட்டு ஏறவில்லை. என் கணக்கு தப்பாது.

3-3
தப்பிவிட்டது. அதே நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு வண்டிகளின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். கொதித்து நின்றுவிட்டது. வேகமாகப் போனால் காற்று தானாக வரும். ஊர்ந்தால்? ஊர்வலம் நடை வேகம்தானே, முட்டாளே!

6-3
ஆறு இறக்கை விசிறி போட்டு, அதைச் சுற்றித் தகட்டால் கூண்டும் அடித்தேன். இனி விசிறியே ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். திருப்பாதிரிப்புலியூர் தெருவில் தங்கராசு காலி டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் நடந்தான், நான் பின்னாலேயே ஊர்ந்தேன். மாப்பிள்ளை எங்கே என்று பூக்காரம்மா கேட்டாள். முள் அசையவில்லை.

9-3
நேற்று எழுதக் கை வரவில்லை.

நான் உடை மாற்றி வருவதற்குள் நைனா முகம்மது மாமா ஜீப்பின் முகம் முழுக்க மல்லிகைத் திரை கட்டிவிட்டார். காற்றுப் போக விரற்கடை இடமில்லை. எடுங்கள் என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா பூவப் பிய்ப்பியா? போடா, இஞ்சினு படிச்சவனே."

பேண்டு தொடங்கிவிட்டது. ஓட்டினேன். ஏன் ஓட்டினேன்? பாதித் தெருவில் முள் கடைசிக்குப் போனது. பூவுக்குள்ளிருந்து ஆவி. வெந்த மல்லிகை நாற்றம். இறங்கிப் பிய்த்து எறிந்தேன். பிரயோஜனமில்லை, வண்டி நின்றுவிட்டது. நான் எதற்குப் பயந்தேனோ அதே இடத்தில், அதே கூட்டத்துக்கு நடுவில்.

மேலேயிருந்து மாப்பிள்ளை, "மச்சான், அது ஆறட்டும். கை குடுங்க" என்றார்.

"இருங்க, தள்ளச் சொல்றேன்."

"தள்ளினா நல்லாவா இருக்கும்? நான் தெனம் நடக்குற ஆளுதானே."

என் தோளைப் பிடித்து இறங்கினார். நடந்தோம். பார்த்தார்கள், காலைத்தான் பார்த்தார்கள். அப்புறம் ஸலாம் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். பள்ளிவாசலுக்குத் தாமதமானது அதனால்தான், காலால் இல்லை.

வாசலில் மெதுவாகச் சொன்னார்: "வண்டி ஓட்டணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை மச்சான். நீங்க தூக்கிப் பின்னால ஒக்கார வச்சிட்டீங்க."

15-3
வேலை ஓடவில்லை.

29-3, ஞாயிறு
ஜீப்பில் சிதம்பரம் போனேன். மச்சானை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, கை எட்டும் தூரத்தை அளந்தேன். கிளச்சைக் காலால் மிதிக்க வேண்டாம், கையால் இழுக்கும் லீவர் வைக்கலாம். எந்த உயரத்தில்? அவரையே கேட்டேன். கொஞ்சம் கீழே என்றார். கீழே வைத்தேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

மெகர் எட்டிப் பார்த்து, "அளந்தது போதும்ணே, மூஞ்சியில பூ மட்டும் கட்டிராதீங்க" என்றாள்.

உயர இருக்கையைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். அவள் முன்னால்தான் உட்காருவாளாம்.