உன் அம்மாவை நீ பேட்டி எடுத்தது

தாம்பரம்
11.2.2007

அன்பு மகள் மெஹ்ரீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், உன் சுகத்துக்காக ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். டில்லியில் குளிர் இன்னும் விடவில்லை என்று டிவியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு காலேஜுக்குப் போ. திருமுடிவாக்கம் பட்டறையில் இரண்டாவது லேத் வந்துவிட்டது, வேலைக்குக் குறைவில்லை, என் முட்டிவலிக்கும் குறைவில்லை.

நீ அனுப்பிய கவர் செவ்வாய்க்கிழமை வந்தது. காலேஜ் பத்திரிகையில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முழுப் பக்கம், அதுவும் இங்கிலீஷில்! என் இங்கிலீஷ் டிராயிங்கில் அளவு பார்க்கிற வரைக்கும்தான், அதனால் பக்கத்து வீட்டு வைத்தீஸ்வரன் சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பேங்கில் ரிட்டயரானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

பெருநாள் லீவில் நீ அந்தப் பேட்டி எடுத்த அன்று நடந்தது எனக்கு மறக்கவில்லை. ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேட்டி எடுக்க வேண்டும், காலேஜில் கொடுத்த பயிற்சி என்று சொல்லி அம்மா எதிரில் டேப்பை வைத்தாய். படப்பை ஸ்கூல்ல டீச்சர் வேலையை ஏம்மா விட்டீங்க என்று கேட்டாய். அவளுக்கு அந்த வேலை ஒத்துக்கலம்மா என்று நான் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் நானே சொன்னேன். நாலாவது பதிலில் நீ டேப்பை நிறுத்திவிட்டு, அத்தா, நான் அம்மாவைத்தான் கேக்கறேன், நீங்க கொஞ்ச நேரம் வெளிய போய்ட்டு வாங்க என்றாய். பெற்ற மகளே என்னை வீட்டை விட்டு அனுப்புகிறாளே என்று வந்த கோபத்தில் சானடோரியம் ஸ்டேஷன் வரை நடந்தே போனேன். இப்போது சொல்கிறேன், நீ செய்ததுதான் சரி.

படித்துக்கொண்டே வந்த வைத்தீஸ்வரன் சார் ஓரிடத்தில் தயங்கி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். யாரும் போகாதேன்னு சொல்லல, போன்னும் யாரும் சொல்லல, அதான் நின்னுட்டேன் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்று நான்தான் சொல்லி வந்திருக்கிறேன், ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. என் மனைவியின் மனசை அடுத்த வீட்டுக்காரர் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வெட்கமாக இருந்தது மெஹ்ரீன்.

சார் போன பிறகு அடுப்படிக்குப் போய், அஜீசா, உனக்கு அந்த வேலை பிடிச்சிருந்ததா என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது, இரண்டு தடவை பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் கொத்தமல்லியை ஆய்ந்து முடித்தாள், பிறகு பேச ஆரம்பித்தாள், பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு கேட்கும் வரை பேசினாள். உன்னைப் பற்றியும் சொன்னாள். ஏன் விட்டீங்க என்று நீ திரும்பக் கேட்கவே இல்லையாம், எத்தனை மணி பஸ்ஸில் போவீங்க, பிள்ளைங்க பேர் ஞாபகம் இருக்கா என்று கேட்டாயாம், அவள் பேச்சு நின்றால் நீயும் பேசாமல் காத்திருந்தாயாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் போனில் முழுக்கப் படித்துக் காட்டி, நான் எழுதினது சரியாம்மா என்றும் கேட்டாயாமே. இந்தப் பொறுமை என்னிடமிருந்து வந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பட்டறையில் எல்லாருக்கும் காட்டினேன், என் மகள் எழுதியது என்று. என் குட்டு வெளிப்படும் அந்த வரியையும் மறைக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், யாரிடமும் கேட்கிற தைரியத்தையும் தருவானாக. டேப்புக்கு எப்போதும் இன்னொரு ஜோடி பேட்டரி பையில் இருக்கட்டும், மறந்துவிடாதே.

ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில், அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்று எழுதுவேன் இல்லையா, அதெல்லாம் அவளைக் கேட்காமல் நானாக எழுதியதுதான். இந்தத் தடவை எழுதவில்லை. கீழே அரைப் பக்கம் விட்டிருக்கிறேன், பேனா அவள் கையில் இருக்கிறது.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அத்தா,
முனீர்