ரத்தான திருச்செந்தூர் டிக்கெட்

செவ்வாய்க்கிழமை, இரவு

தாராவி சமூகக்கூடத்தில் இன்று முதியவர்களுக்கு மெய்நிகர் சுற்றுலா. ஒரு நிறுவனம் நடத்தியது. செய்தி எடுக்கப் போனேன். எழுபத்தெட்டு வயதுப் பேச்சியம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் இடங்களைக் கண்முன் காட்டும் மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திருச்செந்தூர்க் கடலும் கோபுரமும் தெரிந்ததும் கைகூப்பிச் சிரித்தார். அதைப் படம் எடுத்தேன்.

கண்ணாடியைக் கழற்றியதும் அவருடைய மகன் சொன்னார்: "அதான் கோயில நல்லா பாத்தாச்சுல்லாம்மா. இனி எதுக்கு ரெண்டு நாள் ரயில்ல கெடந்து அலையணும்? டிக்கெட்ட கேன்சல் பண்ணிருதேன்."

"ஏல, ஒனக்கு ஆப்பரேசன் ஆனப்ப மொட்ட போடுதேன்னு நேந்திருக்கேன். இந்தக் கண்ணாடிக்குள்ள வச்சு முடி எறக்குவியால?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். மகன் சிரித்துக்கொண்டே கைபேசியில் டிக்கெட்டை ரத்து செய்தார். பேச்சியம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

செய்தியில் அந்த டிக்கெட்டைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். "சந்தோஷமான செய்தியில அது எதுக்கு சார்?" என்று பத்திரிகையின் செய்தி டெஸ்க்கில் எடுத்துவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. அவர் சிரிக்கும் படம் நாளை முதல் பக்கத்தில் வரும். செய்தியில் ஒரு தகவல்கூடத் தவறில்லை. ரத்தான டிக்கெட் மட்டும் அதில் இல்லை.