நடுச் சரணம்

என் பாட்டுக்கார அண்ணன் தானியேலுக்கு,

அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே ஏரி நிரம்பிவிட்டது, நம் பெருநகர் கிராமத்தில் நடவு மும்முரம். உத்திரமேரூர் உரக்கடை மாடியில் இருக்கும் உன் ஸ்டுடியோவின் சாவி இப்போது என் இடுப்பில்.

கிறிஸ்துமஸ் பாட்டில் தொடங்கி, திருவிழாக் கச்சேரி, கட்சிப் பாட்டு என்று எல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் அமெரிக்கக் கறுப்பு மக்களின் சோல் பாட்டில் போய் விழுந்தாய். "இன்னாணா இது, அழுவுறாங்களா பாடுறாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டுந்தான். அவங்களும் அடுத்தவன் நெலத்துல குனிஞ்சி நின்னவங்கதான். நம்ம நடவுப் பாட்டு மாதிரியே ஒருத்தர் பாட, மத்தவங்க பதில் சொல்றாங்க, கேளு" என்றாய்.

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. நீயே எழுதி, நீயே மெட்டுப் போட்டு, நீயே ரெக்கார்ட் செய்தாய். சென்னையிலிருந்து பாடகர்கள் பஸ் ஏறி வந்தார்கள். "சும்மா ட்ரயல்தான், பாடு" என்று ஏமாற்றி, அதையே பதிவு பண்ணிவிடுவாய். உன்னைத் திட்டாத ஆள் உண்டா? கேட்டுப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

ஆனால் கடைசிப் பாட்டை இப்படி அரைகுறையாக விட்டுவிட்டுப் போகலாமா? முதல் சரணமும் மூன்றாம் சரணமும் உன் குரலில் இருக்கின்றன. நடுச் சரணத்தில் வெறும் தாளமும் கீபோர்டும்தான். வார்த்தையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாய். நெஞ்சுவலி விடவில்லை.

பாட்டை வெளியிடும் கம்பெனிக்காரர் நல்ல மனிதர்தான். "காலியா விட முடியாதும்மா. வேற ஒருத்தர எழுத வெச்சி, பெரிய பாடகர முழுசா பாட வெச்சிடலாம்" என்றார். உன் குரலை எடுத்துவிட்டால் அது யார் பாட்டு? காலியாக விட்டால் வெளியே வராது. எனக்குச் சோறு இறங்கவில்லை அண்ணா.

பாட்டுக்குக் கோரஸும் பாக்கி இருந்தது. அதற்கு நம் தெருவில் நடவுக்குப் போகிற பெண்களைக் கூப்பிட்டேன். வேலை முடிந்து, கால் கழுவிக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். "சும்மா ட்ரயல்தான்" என்று சொல்லிவிட்டு, உன்னைப் போலவே ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன்.

ஸ்பீக்கரில் நீ பாடினாய், அவர்கள் பதில் பாடினார்கள். நடுச் சரணம் வந்தது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நீ விட்ட கடைசி வரியையே கைதட்டித் திரும்பத் திரும்பப் பாடினார்கள், ஒருத்தி ஏற்றி, ஒருத்தி இறக்கி. மூன்றாம் சரணத்தில் உன் குரல் வந்ததும், சொல்லிவைத்தாற்போல் அடங்கி உனக்கு வழிவிட்டார்கள்.

முடிந்ததும் மூத்தவளான செல்வி அக்காவிடம் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"இன்னாடி கேக்குற? முன்னாடி பாடறவங்க மூச்சு வாங்கினா, அவங்க திரும்பி வர்ற வரிக்கும் பின்னாடி கீறவங்கதான அந்த வரியப் புட்ச்சிக்கினு இருக்கணும்? தானியேலு மூச்சு வாங்கிக்கினு கீறான்னு பாடிக்கினு இருந்தோம்."

அப்படியே மேசைமேல் தலையை வைத்து அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. செல்வி அக்கா டீ வாங்கிவரச் சொன்னாள், எல்லோரும் குடித்தோம். கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, இதில் ஒன்றையும் தொட வேண்டாம் என்றார். அடுத்த வாரம் பாட்டு வெளியே வருகிறது, உன் குரலோடு, உன் பேரோடு.

இந்த மாடியை நான் பூட்டமாட்டேன் அண்ணா. நீ அவசரப்படாமல் மூச்சு வாங்கு. வரியை நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உன் கூடப்பிறந்தவள்,
ரூத்து